கொக்கி ஆடாத கை

கொக்கி ஆடியது.

கொக்கியில் தொங்கிய, கான்கிரீட் நிரம்பிய தொட்டியும் சேர்ந்து ஆடியது. கீழே, சுவர்ப் பலகையின் விளிம்பில் நின்ற இரண்டு பேர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேலே கிரேன் கூண்டுக்குள் இருந்தவன் லீவரிலிருந்து கையை எடுத்தான். எடுத்த பிறகும் கை நிற்கவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்து உலுக்குவது போல அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த சைட்டில் அவனுக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை. எவ்வளவு ஊற்றினாலும் கால் பின்னாது, நாக்குக் குழறாது. கூடக் குடித்தவர்களைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, அவரவர் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

உடம்பு போட்ட கணக்கு வேறாக இருந்தது. ஆரம்பத்தில் கால் பாட்டிலுக்கே முகம் சிவந்து கிடந்தவன்தான். பிறகு அரை பாட்டில் உள்ளே போய் எங்கே தொலைந்தது என்றே தெரியவில்லை. அதற்கும் பிறகு, குடிப்பது போதைக்காக இல்லை, காலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதற்காக என்று ஆகிப்போனது.

மூன்று நாளாகத் தொடவில்லை. பெண்டாட்டி கையில் அடித்துச் செய்த சத்தியம்.

மூன்று நாளாகப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். நடுக்கத்தைக் காட்டாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே போட்டு விடேன்" என்று நிற்பான். புதுமாப்பிள்ளைக்கு வந்த ஆசையைப் பார் என்று அவள் சிரிப்பாள்.

இன்று காலை கேட்டில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற மெஷினில் ஊதினான். பூஜ்யம் காட்டியது. அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டியவன் மச்சினன். கீழே நின்று கிரேனுக்குச் சைகை சொல்கிற வேலை அவனுக்கு. சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மெஷினில் மாட்டிக் கீழே இறக்கப்பட்ட மாமனை மறுபடியும் கூண்டில் ஏற்றிவிட்டவனும் அவன்தான்.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாமா, என்ன ஆட்டம் இது? உண்மையச் சொல்லு. மேல ஏறிப் போட்டுட்டியா?"

"சத்தியமா இல்ல மாப்ள."

"கொக்கி வேற சொல்லுதே. நிதானத்துக்கே நிதானம் போச்சான்னு இங்க கேலி பண்றானுங்க. சூப்பர்வைசர் மெஷினக் கையில வெச்சுட்டு நிக்கிறாரு. தொட்டிய இறக்கிட்டு வந்து ஊதணுமாம். என் மானத்த வாங்கிடாத மாமா."

கிரேன்காரனை அங்கே யாரும் முகத்தில் பார்ப்பதில்லை. கொக்கியில்தான் பார்ப்பார்கள். ஆடினால் ஆள் போதை. ஆடாவிட்டால் ஆள் தெளிவு. எத்தனையோ பேரை அவனே அப்படி அண்ணாந்து பார்த்துச் சொல்லியிருக்கிறான். குடிக்காததால் ஆடுகிற கை என்று ஒன்று உண்டு என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல?

இப்படியே இறங்கிப் போய் ஊதினால் தப்பித்துவிடலாம். மெஷின் பூஜ்யம்தான் காட்டும்.

ஆனால் தொட்டியை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்க முடியாது. முன்னால் கொண்டுபோனால் சுவர்மேல் அந்த இரண்டு பேர். பின்னால் திருப்பினால் கம்பி கட்டுகிறவர்கள். எங்கே இறக்குவதானாலும் ஆள் தலைக்கு மேலே போய்த்தான் ஆகவேண்டும்.

மறுபடி லீவரைத் தொட்டான். தொட்டி ஒரு சுற்றுச் சுற்றி, பலகையை உரசிக்கொண்டு போனது.

கூண்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே நாலு பக்கமும் வானம். இவ்வளவு இடம் கிடந்தும் கையை ஒளித்து வைக்க ஓர் இடமில்லை. தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தான். தொடையும் சேர்ந்து ஆடியது. பனியன் தெப்பமாக நனைந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது.

இருக்கைக்கு அடியில் கருவிப் பெட்டி. பெட்டிக்குள் ஸ்பேனர்கள், பழந்துணி. பழந்துணிக்கு அடியில், சத்தியம் பண்ணிய அன்று எறிய மனம் வராமல் விட்டுவைத்தது.

சுவர்மேல் நின்றவர்களைப் பார்த்தான். ஒருவன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

குனிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி நகர்ந்தது. தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுவது போல, அந்த இரண்டு பேர் கைக்கும் எட்டுகிற இடத்தில் வந்து நின்றது. கொக்கி துளியும் அசையவில்லை.

கீழே யாரோ கை தட்டினார்கள்.

காலித் தொட்டியைத் தரையில் வைத்தான். இனி இறங்க வேண்டும். ஊத வேண்டும். கூண்டின் கதவில் கையை வைத்தான். கை கல் மாதிரி இருந்தது.

வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது.

"மாமா, மன்னிச்சுக்கோ. காத்து அடிச்சதுக்கு உன்னைப் பேசிட்டேன். நீ ஊத வேணாமாம். 'இந்தக் கைக்கு எதுக்குய்யா மெஷின்'னு சூப்பர்வைசரே அதை உள்ள கொண்டுபோய் வெச்சுட்டாரு. அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். சந்தோஷத்துல அழுவுது."

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

"நாளைக்கும் இதே கை வேணும் மாமா."

"இருக்கும் மாப்ள" என்றான். நாக்குக் குழறவில்லை.

பிறகு பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.

மிச்சம் நாளைக்குக் காணாது.