ஆந்தையின் நாற்காலி

செத்துப்போனவரின் நாற்காலியில் உட்காரச் சொன்னதும் சிட்டுவுக்கு முதுகு சில்லிட்டது.

"சும்மா உக்காரும்மா. நாலு மாசமா காலியாத்தான் கிடக்கு," என்றார் இறந்தவரின் அண்ணன். மணியடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் கதவையே திறந்திருந்தார்.

பட்டப்பகல் மூன்று மணி. ஆனாலும் திரையை இழுத்துவிட்ட அந்த அறை கிணற்றுக்குள் இறங்கியது போலிருந்தது. மேசை முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. கணினி இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று ஒரு சதுரம். அதைப் பார்க்கப் பார்க்க அவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று தோன்றியது. சிட்டு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆந்தை. சிட்டு நிரல் எழுதும் மென்பொருள் திட்டத்தில் எல்லோருக்கும் அவரை அப்படித்தான் தெரியும். முகத்துக்குப் பதில் ஓர் ஆந்தைப் படம்; வீடியோவில் ஒருநாளும் தலைகாட்டியதில்லை. எந்தக் கணினி மொழியில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கி ஓட்டிக் காட்டும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, ஒருவரையொருவர் பார்த்தறியாத முப்பது பேர் சேர்ந்து, ஊருக்கே பொதுவாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆந்தை பார்த்துத் தலையாட்டாமல் அதற்குள் ஒரு வரி நுழைய முடியாது.

நாலு மாதம் முன்பு, அவருடைய முகவரியிலிருந்தே எல்லோருக்கும் ஒரு மடல் வந்தது. 'தம்பி நேற்று மாரடைப்பில் காலமானான். யாரும் வர வேண்டாம். இப்படிக்கு, அண்ணன்.'

எப்போதோ திட்டத்தின் பெயர் போட்ட சட்டை அனுப்ப வாங்கி வைத்திருந்த வீட்டு முகவரியைத் தேடியெடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தாள் சிட்டு.

"நீங்களும் கம்ப்யூட்டர் வேலைதானா சார்?"

"நானா? டைல்ஸ் கடைம்மா. அந்தப் பெட்டியை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. அவன் செத்த மறுநாளே தூக்கி ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

"கடைசில ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"கடைசில என்ன, பதினோரு வருஷமாவே அதே கதைதான். பல் விளக்கறதுக்குள்ள நூறு பேர் 'ஏன் ஓடல, எப்ப சரியாகும்'னு வரிசை கட்டி நிப்பாங்க. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில உக்காந்து பதில் எழுதிட்டிருப்பான். 'செத்தாத்தான் என்னை விடுவாங்க'ன்னு சொல்லுவான்."

சிட்டு நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததை அப்படியே கொட்டிவிட்டாள்.

"நான்தான் சார் அவரைக் கொன்னேன்."

அவர் அசையவில்லை.

"என் நிரலை ஏழு தடவை திருப்பி அனுப்பினார். ஏழாவது தடவை ஆத்திரம் தாங்காம, 'நீங்க செத்தாத்தான் இந்தத் திட்டம் உருப்படும்'னு அவருக்கு மட்டும் தனியா எழுதிட்டேன். மறுநாளே அந்த மடல்! இப்ப எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஓரத்துல அவர் குறிப்பு. 'யோசிச்சுத்தான் எழுதினியா?'ன்னு கேக்குது. இயந்திரம் நின்னுபோனா திரையில வர்ற வாக்கியம்கூட அவர் எழுதினதுதான் சார். கண்ணை மூடினா அதையே வாசிக்கிறேன்."

அடக்கி வைத்த அழுகை உடைந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்த்தையால யாரும் சாகறதில்லம்மா. தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள்.

"ஒரே ஒரு பிராயச்சித்தம் பண்ணியிருக்கேன் சார். எங்க இயந்திரத்துல நினைவகத்தைச் சுத்தம் பண்ற பகுதி ஒண்ணு இருக்கு. 'குப்பைக்காரன்'னு கூப்பிடுவோம். செத்ததை மட்டும் துடைக்கணும். ஆனா எப்பவாவது, உயிரோட இருக்கறதையும் செத்துடுச்சுன்னு நெனச்சுத் துடைச்சுடறான். மூணு வருஷமா உங்க தம்பி துரத்தின பிழை அது. நான் சரிபண்ணிட்டேன்."

"நல்லதும்மா."

"ஆனா என் பேர்ல வேண்டாம். அவர் எழுதினதாவே இருக்கட்டும்னு, கீழ அவர் பேரைப் போட்டிருக்கேன். இன்னைக்கு வெளியிடறோம். குடும்பத்துல ஒருத்தர் சரின்னு சொன்னா என் மனசு ஆறும்."

"தாராளமா போட்டுக்கோ," என்றார், வாசலைப் பார்த்தபடி.

"ஒரு தடவை பாத்துடுங்க சார். புரியலைன்னாலும் பரவால்ல."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். மரியாதைக்காகக் குனிந்து பார்த்தார். நிமிரப் போனவர், பாதியில் நின்றார். கண்கள் மேலிருந்து கீழே ஓடி, மறுபடி மேலே ஏறி, ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றன. நெற்றி நரம்பு புடைத்தது. உதடு எதையோ முணுமுணுத்தது.

'தம்பி நினைவு வந்துவிட்டது போல, பாவம்' என்று சிட்டு நினைத்தாள். அனுப்பும் விசைமேல் விரலை வைத்தாள்.

"அனுப்பட்டுமா சார்?"

அவள் கண்ணீருக்கு அசையாத மனிதர், மடிக்கணினியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவ்ளோ தப்பா எழுதிட்டு, கீழ என் பேரையா போடுவே?"