ஒண்ணுதான் ஏறியிருக்கு

“எக்செல்ல லாகரிதம் எப்படிப்பா போடறது?” என்று ஆபீஸ் நண்பரிடம் போனில் கேட்டார் அவர்.

“சமக்குறி போட்டு, லாக் டென்னுன்னு அடிச்சு, அடைப்புக்குள்ள நம்பரைக் கொடுங்க. ஆயிரம் மூணாயிடும், பத்தாயிரம் நாலாயிடும்.”

மனைவியின் ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் எண் போன மாதம் ஆயிரம், இப்போது பத்தாயிரம். எக்செல் அதை மூன்று, நான்கு என்று சாதுவாக்கிக் கொடுத்தது. லேப்டாப்பை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“பாரு, ஒண்ணுதான் ஏறியிருக்கு. இதுக்குப் போய் பயந்தியே!”

“அவ்வளவுதானா? இப்பத்தாங்க எனக்கு உயிரே வந்துச்சு.”

அவள் சிரித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவள் தன் அக்காவிடம் போனில் பேசுவது கதவுக்கு வெளியே கேட்டது.

“டாக்டர் முந்தாநாளே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார்க்கா. இனிமே மருந்து கேக்காதாம். இவர்கிட்ட மூச்சு விட்டுடாதே. நான் நம்பிட்டேன்னு நினைச்சு, மனுஷன் இன்னிக்குத்தான் கொஞ்சம் சிரிச்சார்.”

சத்தமில்லாமல் அடுப்படிவரை திரும்பிப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீ ரெடி!” என்று அங்கிருந்தே உரக்கக் குரல் கொடுத்தபடி மறுபடி வந்தார்.