வெள்ளிக்கோல் வரையன்

"அத்தை, அசையாதீங்க."

முக்காலியில் உட்கார்ந்து தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த கண்டக்டரம்மா நிமிர்ந்தார். தோட்டத்து வாசலில் மகளின் கணவர் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன?"

"முக்காலிக் காலைச் சுத்திக்கிட்டு ஒரு பாம்பு படுத்திருக்கு. உங்க இடது கைப்பக்கம். எழுந்திருக்காதீங்க."

கண்டக்டரம்மா கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. இத்தனை வருடத்தில் அந்தத் தோட்டத்தில் பார்க்காத உருப்படி.

எழுந்து ஓடலாம் என்றால் முட்டி விடாது. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கொடுத்த முட்டி. இப்போதெல்லாம் இடது கையைத் தரையில் ஊன்றினால்தான் எழவே முடியும். ஊன்றுகிற இடத்தில்தான் அது கிடந்தது.

மகளின் கணவர் என்ன செய்தார் தெரியுமா? பின்னால் வந்து நின்ற மனைவியின் போனை வாங்கிப் படம் எடுத்தார்.

"உசுரு போற நேரத்துல போட்டோவா?"

"பாம்பு பிடிக்கிறவருக்கு அனுப்புறேன் அத்தை. என்ன பாம்புன்னு சொல்லுவார்."

பதில் வந்தது. படித்தார். ஏதோ தட்டி அனுப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லையாம். வெள்ளிக்கோல் வரையனாம். விஷமே கிடையாதாம். ஆனா முக்காலி நகர்ந்தா நசுங்கிடும், பாவம். அவர் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கச் சொன்னார்."

கண்டக்டரம்மாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனால் சொன்ன மனிதருக்கு வரவில்லை. பூனை மாதிரி நடந்து வந்து, அவருக்கு இடது பக்கம் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, அவருடைய இடது கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் தொப்பலாகியிருந்தது.

"விஷமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு இந்த நடுக்கம்?"

"பாம்புன்னாலே எனக்குப் பயம் அத்தை. கையை மட்டும் விட்டுடாதீங்க."

இருபது நிமிடம் கழித்து, முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒருவர் நீளமான கொக்கியோடு வந்தார். பாம்பைத் தூக்கிப் பைக்குள் விட்டு, பையின் வாயைக் கட்டினார். "கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாளிலிருந்து தெருவில் இதே பேச்சுதான். சாயங்காலமானால் கண்டக்டரம்மா வீட்டு கேட்டில் கூட்டம் கூடிவிடும்.

"வெள்ளிக்கோல் வரையன்." அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்வது போல் கணீரென்று சொல்வார். "பச்சைப்பிள்ளை மாதிரி சாது. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன். என் பொண்ணு புருஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வெடவெடன்னு நடுங்குறார்."

கல்யாணமாகி ஆறு வருடமாக அவர் வாயில் அது 'பொண்ணு புருஷன்'தான். மாப்பிள்ளை என்று மறந்தும் சொன்னதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்க மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர் மேல் அவருக்கு ஏனோ மதிப்பே வரவில்லை. அந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்த கண்ணாடிகூட உறையைவிட்டு வெளியே வந்ததில்லை. என் கண்ணுக்கு என்ன குறைச்சல் என்பார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டார். "படம் எடுத்தாராமே, காட்டுங்களேன்."

கண்டக்டரம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏண்டி, அந்தப் படம் உன் போன்லதானே இருக்கு? கொண்டு வா. உன் புருஷன் வீரத்தை எல்லாரும் பார்க்கட்டும்."

மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மகள் வெளியே வந்தாள். ஒரு கையில் போன். மறு கையில் அந்தக் கண்ணாடி உறை.

"வாயைத் திறக்க மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். நீயே படிச்சுக்கோம்மா. படத்துக்குக் கீழேயும் படி. சத்தமாவே படி."

கண்டக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"'என் அத்தை பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. எழுந்தா கை அது மேலதான் படும். இது என்ன பாம்பு?'"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பதிலைப் படித்தார்.

"'கோடு கழுத்துல ஆரம்பிக்கலை. வால் பக்கம்தான் பளிச்சுனு இருக்கு. இது கட்டுவிரியன். கடிச்சா...'"

கண்டக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவதற்குள் தையல்காரம்மா எட்டிப் பார்த்து மீதியைப் படித்தார்.

"'கடிச்சா பிழைக்கிறது கஷ்டம். அம்மாகிட்ட சொல்லாதீங்க, பதறிப்போய் கையை ஊன்றிடுவாங்க. இதே மாதிரி விஷமில்லாதது ஒண்ணு இருக்கு, வெள்ளிக்கோல் வரையன். அதுன்னு சொல்லிடுங்க. நீங்களும் கிட்டப் போகாதீங்க.'"

அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி இருந்தது. அதைக் கண்டக்டரம்மாவே படித்தார். சத்தமாக இல்லை.

"'போய்த்தான் ஆகணும். அவங்க கையை நான் பிடிச்சுக்கிறேன்.'"

கண்டக்டரம்மா தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடையை மூடிவிட்டு மகளின் கணவர் தெருவில் வந்துகொண்டிருந்தார். கேட்டை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும், மூன்று நாளாகச் செய்வது போலவே தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

கண்டக்டரம்மா நிமிர்ந்தார். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை எட்டிய அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"தள்ளி நில்லுங்க, வழி விடுங்க. என் மாப்பிள்ளை வர்றார்."