சொம்புக்கு வந்த கோபம்

ஒரு சமையலறையில் பித்தளைச் சொம்பும் எவர்சில்வர் டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒருநாள் வீட்டுக்காரர் சிங்கராயன், கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிப் போனில் பேசினார். "அவன் சரியான சொம்புப்பா, மேனேஜர் பின்னாடியே திரியிறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

"கேட்டியா தம்பி?" என்றது சொம்பு. "விசேஷம்னா என் தலையில தேங்காய் வச்சுக் கும்பிடுறாங்க. தாகத்தோட வர்றவங்களுக்கு என்னைத்தான் நீட்டுறாங்க. நான் எவன் பின்னாடி திரிஞ்சேன்? தூக்கிக்கிட்டு அலையிறவன் ஒருத்தன், கெட்ட பேரு எனக்கா?"

"நியாயம்தான் அண்ணே. எங்க வேணும்னாலும் உங்க பக்கம் நான் பேசுறேன்" என்றது டம்ளர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மேனேஜரே வீட்டுக்கு வந்தார். சிங்கராயன் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் நிரப்பி, டம்ளரோடு கொண்டுபோய்க் குனிந்து நின்றார். மேனேஜர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பேசிக்கொண்டே கையை வீசினார். கை பட்டுச் சொம்பு கீழே உருண்டது. அவருடைய பேண்ட் நனைந்தது.

"மன்னிச்சிடுங்க சார், இந்தச் சொம்பு எப்பவும் இப்படித்தான். நாளைக்கே பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுடுறேன்" என்றார் சிங்கராயன்.

சமையலறையில் மற்ற பாத்திரங்கள் என்ன நடந்தது என்று விசாரித்தன. நசுங்கிய வயிற்றோடு சொம்பு டம்ளரைப் பார்த்தது. "நீ பக்கத்துலதானே இருந்த, சொல்லு. அவர் கைதானே பட்டது?"

"சார் கை பட்ட மாதிரி தெரியலையே அண்ணே" என்றது டம்ளர். "அவர் ரொம்ப நல்லவர். என்கிட்டதான் வாய் வச்சுக் குடிச்சார்."

சொம்புக்கு உடம்பெல்லாம் கொதித்தது. டம்ளரைத் திட்டுவதற்கு அதன் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அது தன்னுடைய பெயராக இருந்ததால், சொல்லாமல் விழுங்கிக்கொண்டது.