இயர்போனின் மறுமுனை

கொயிலாண்டி தாண்டியதும் இயர்போனின் ஒரு முனையை வத்சலாவிடம் நீட்டினேன். மற்றதை என் காதில் செருகிக்கொண்டேன்.

மூன்று வருடமாகக் காலைப் பாசஞ்சரில் இதுதான் வழக்கம். அவள் வடகரையில் இறங்கிக் கருவூல அலுவலகத்துக்குப் போவாள். எனக்குத் தலச்சேரியில் ரேடியோ ரிப்பேர் கடை. நாற்பதை நெருங்கியும் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

நாளை முதல் அவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை.

பாட்டைக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதில் என்னை மிஞ்சக் கோழிக்கோட்டிலேயே ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

“முதல் தடவை அர்த்தத்தை விட்டுடு வத்சலே. குரல் எங்க மூச்சு வாங்குதுன்னு மட்டும் கேளு. அடுத்த தடவை கண்ண மூடிக்கோ. அர்த்தம் தானா வந்து சேரும்” என்பேன். அவளும் தலையாட்டுவாள்.

எத்தனை பாட்டுப் போட்டாலும் ஒரு பழைய பாட்டு மட்டும் தினமும் உண்டு. அதன் இரண்டாவது சரணத்தை விட்டுவிடாதே என்று தனியாகச் சொல்லிவைத்திருந்தேன். ‘நீ போகிற இடமெல்லாம் நானும் வரட்டுமா’ என்று பாடுபவர் உருகிக் கேட்கிற இடம் அது.

உண்மையில் கேட்டது நான்தான். என் வாயால் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அவர் தொண்டையை இரவல் வாங்கியிருந்தேன். மூன்று வருடமாகப் பதில் இல்லை. வேறொருவனாக இருந்தால் எப்போதோ விட்டிருப்பான். நானோ, இன்று அவள் பதில் சொல்லாமல் இறங்கமாட்டாள் என்று திடமாக நம்பினேன்.

கடைசி நாளாயிற்றே என்று என் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்திருந்தேன். இடம் மாறியதில் இயர்போனின் முனைகளும் கை மாறிவிட்டன.

நேராக அந்தப் பாட்டையே போட்டேன். வயலின் வந்தது, தபலா வந்தது. பல்லவி வரவேண்டிய இடத்தில் குரலைக் காணோம். ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று முறுக்கிப் பார்த்தேன்.

“பாடறவரைக் காணோமே” என்றேன்.

“அந்தப் பக்கம் அவர் வர்றதே இல்ல சுகுணேட்டா. மூணு வருஷமா இந்தப் பாட்டுல எனக்கு வெறும் வயலின்தான்.”

பழைய பதிவு. குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடையில் ஸ்பீக்கர் பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்தே கேட்கும். ஊரார் ரேடியோவையெல்லாம் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“அவ்வளவு ஆசையா சொல்லிக்குடுக்கறவர்கிட்ட, கேக்கலன்னு எப்படிச் சொல்றது? இப்போ பேசாம இருங்க, ரெண்டாவது சரணம் வருது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு வயலின் மட்டும் கேட்டது. பாடுபவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாரா, இன்னும் இல்லையா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அரை நிமிடத்தில் என் தைரியமெல்லாம் போய்விட்டது.

வடகரை வந்து வண்டி வேகம் குறைந்தது. அவள் இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“திருவனந்தபுரத்துலயும் ரேடியோ கெட்டுப்போகும் சுகுணேட்டா” என்றாள்.