லோவல் கொட்டகையில் மாடு இல்லை

"முப்பத்தெட்டாயிரம் டாலர்!"

காபிக்கடையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஆர்லினுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கொரோனா நிவாரணம் வாங்கிய விவசாயிகளின் பட்டியல், ஆள் பெயரும் தொகையுமாக, மாவட்டப் பத்திரிகையில் வந்திருந்தது.

"நம்ம லோவலைப் பாரேன். பூனை மாதிரி இருந்துகிட்டு எவ்வளவு அமுக்கியிருக்கான்!"

"எல்லாருந்தான் வாங்கினாங்க. நீயும் எழுதிப் போட்டிருக்கலாமே?" என்றாள் கடைக்காரி கிளாரிஸ்.

"நானா? அரசாங்கத்துகிட்ட கையேந்துறதா?" ஆர்லின் கோப்பையை நங்கென்று வைத்தான். "பால் லாரி வராம கறந்த பாலையெல்லாம் தரையில கொட்டினேன். பேங்க்காரன் பண்ணையை ஏலம் போடறேன்னான். நான் அசைஞ்சேனா? பாதி மாட்டை வித்தேன். மிச்சப்பட்ட புல்லைக் கட்டு கட்டா வித்தேன். வாரா வாரம் ஒரு வெளியூர் லாரிக்காரன் வருவான். பேரமே கிடையாது, கேட்ட விலை. உழைச்சுத் தப்பிச்சேன், தெரிஞ்சுக்கோ!"

"சரிப்பா, கத்தாதே. லோவல் பாவம்யா. விலை விழுந்தப்ப மாடு அத்தனையும் வித்துட்டான்."

"என்னது? மாடே இல்லாம மாட்டுக் காசா?"

"வித்த நஷ்டத்துக்குத்தான்யா குடுத்தாங்க. சட்டப்படி..."

சட்டம் யார் காதில் விழுந்தது? ஆர்லின் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். வெறும் கொட்டகையைப் படம் எடுத்து, அடுத்த வாரப் பத்திரிகையில் லோவலின் மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு.

லோவலின் பண்ணையில் ஆள் அரவம் இல்லை. கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தான். கையில் செல்போன் தயாராக இருந்தது.

மாடு இல்லைதான்.

தரையிலிருந்து கூரைவரை புல்லுக்கட்டுகள். ஒன்றைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

மாடில்லாதவனுக்கு எதற்கு இத்தனை புல்?

கிட்டே போய்ப் பார்த்தான். ஒவ்வொரு கட்டிலும் முடிச்சின் ஒரு பக்கம் ஒரு முழக் கயிறு வாலாகத் தொங்கியது. மாவட்டத்திலேயே புல் கட்டும் இயந்திரங்களில் ஒரே ஒரு ஓட்டை இயந்திரம்தான் அப்படிக் கட்டும். அது ஆர்லினுடையது.

அங்கேயே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த லோவல் அவனைப் பார்த்ததும், திருடிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன்போல் விழித்தான்.

"ஏன்டா, சும்மா குடுத்திருக்கலாமே?" என்றான் ஆர்லின்.

"குடுத்திருந்தா?"

"மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேன்."

"அது தெரியுமே." லோவல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ பார்த்தது இருக்கட்டும். லாரிக்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா. உனக்குத் தெரிய விடமாட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பாதிக் காசு அவன் போட்டது."