முன்சீட்டுக்கு அடியில்

"கம்பெனிச் செட்டு அப்பிடியே இருக்கட்டும் அண்ணே. ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் மட்டும் போடுங்கோ. ஆனா போட்டது வெளியில தெரியக் கூடாது."

மதார் நிமிர்ந்து பார்த்தார். ராமநாதபுரத்தில் கார் ஆடியோ கடை வைத்த நாளிலிருந்து, போட்டது நாலு தெருவுக்குத் தெரியணும் என்று வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"டிக்கில பெருசா ஒரு பாக்ஸ் வச்சிருவமா தம்பி? சும்மா அதிரும்."

"டிக்கி வேண்டாம். முன்னால இடப்பக்க சீட்டுக்கு அடியில வையுங்கோ."

"பேட்டரில இருந்து தனியா வயர் இழுக்கணும். அது தெரியுமே?"

"கால்மிதி மேட்டுக்கு அடியால கொண்டு போங்கோ."

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான்.

"வண்டி ஒன்னோடதா?"

"இல்ல, பாம்பன் கில்பர்ட் ஐயாவின்ர. நான் டிரைவர், கோகிலன். மண்டபம் அகதி கேம்ப்." கொஞ்சம் தயங்கினான். "ஆம்ப் போடுறது ஐயாவுக்குத் தெரிய வேண்டாம். காசு நான்தான் தாறன்."

போன மாதம்தான் ஒரு காரில், சப்வூஃபர் பெட்டிக்குள் தடை செய்த கடல் அட்டை பிடிபட்டது. கடத்தினவன் ஓடிவிட்டான். பெட்டி செய்து கொடுத்த பாவத்துக்கு மதாரின் மச்சான் சுஐபு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறான். இப்போது ஒரு டிரைவர், அதுவும் கேம்ப் பையன், ஓனருக்குத் தெரியாமல் சீட்டுக்கு அடியில் பெட்டி வைக்கச் சொல்கிறான். இது பாட்டுக் கேட்கிற விஷயமாகவா இருக்கும்?

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி" என்று அவனை அனுப்பினார்.

அவன் தலை மறைந்ததும் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். டிக்கியை முகர்ந்து பார்த்தார். ஒரு காலிச் சாக்குகூட இல்லை. ஒன்றும் அகப்படாததே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

பின்கண்ணாடியில் கில்பர்ட்டின் விசைப்படகுப் பெயரும், கீழே அவர் போன் நம்பரும் ஒட்டியிருந்தன. அடித்தார்.

"அலோ, யாருப்பா?"

"அண்ணே, ராம்நாட்ல கார் செட்டுக் கடை. ஒங்க டிரைவரு ஒங்களுக்குத் தெரியாம..."

"ஆ? கேக்கலப்பா."

"ஒங்க டிரைவரு! டிரைவரு!"

"டிரைவருக்கு என்னப்பா? டவரு இல்ல போல. கொஞ்ச நாளாவே எல்லாம் இப்படித்தான். இந்த போனும் சரியில்ல, கோயில் மைக்கும் சரியில்ல. வெளிய போயி நானே கூப்பிடுறேன்."

கில்பர்ட் வைத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மதார் திரும்பினால், பின்னால் கோகிலன் நிற்கிறான்.

"சொல்லிட்டீங்களா அண்ணே?"

"சொல்லாம? ஒன்னால நானும் கம்பி எண்ணணுமா? சீட்டுக்கு அடியில என்னத்தடா கடத்தப் போற? உள்ளதச் சொல்லு, இல்ல இப்பவே போலீசக் கூப்பிடுவேன்."

"கடத்திறதோ?" கோகிலன் பின்கண்ணாடியில் இருந்த படகின் பெயரைக் காட்டினான். "ஐயா காலம் பூரா போட்டில எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கிடந்த மனுசன் அண்ணே. காது போயிட்டுது. அது அவருக்குத் தெரியாது. போன கிழமை வண்டியில பாட்டு ஓடிக்கொண்டிருக்கு, 'ஏன்டா நிப்பாட்டினே?' எண்டு கேட்டார்."

மதார் போனைக் கீழே வைத்தார்.

"காது கேக்கேல்லையா எண்டு கேட்க எனக்கு மனசு வரேல்ல. செட்டு பழுதெண்டு சொல்லிப்போட்டன். அப்ப 'ரிப்பேர் பாத்துக்கிட்டு வாடா' எண்டு அனுப்பினவர். புதுசா ஏதும் கண்ணில பட்டா, நான் சொன்னது பொய்யெண்டு கண்டுபிடிச்சிடுவார்."

"அந்த சீட்டு?"

"அதுலதான் அவர் இருப்பார். காதுக்குக் கேக்காட்டியும் முதுகுக்காவது பாட்டு தெரியட்டும்."

மதாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேம்ப் என்ற ஒரே சொல்லை வைத்து, ஒரு பையனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தோமே என்று இருந்தது.

போன் அடித்தது. கில்பர்ட்.

"இப்பச் சொல்லுப்பா. டிரைவரு, டிரைவருன்னு கத்துனியே, என்ன செஞ்சான் அவன்?"

மதார் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"அவன் ஒண்ணும் செய்யலண்ணே! செட்டு! செட்டுதான் ரிப்பேரு! சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்!"

அந்தப் பக்கம் கில்பர்ட் குரலைத் தாழ்த்தினார்.

"செட்டுதானா? சேசுவே! காதுதான் போயிருச்சோன்னு, ஒருத்தர்ட்டயும் சொல்லாம பயந்துக்கிட்டே கெடந்தேன்ப்பா."